பதினான்காம் கட்டிலுக்கு முப்பத்தொரு கேள்விகள்

"பிள்ளைக வீட்டுப்பாடம் செய்ய மாட்டேங்காங்க, தம்பி," என்றாள் செண்பகவடிவு.

பண்டாரி தன் வீட்டு வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"ஒன்பதாம் வகுப்பு. முப்பத்தொரு பேரு. இருபத்தாறு நோட்டுல ஒரே தப்பு, ஒரே இடத்துல. ஒருத்தி எழுத, மத்தவங்க பாத்து எழுதியிருக்காங்க. மிச்சம் அஞ்சு பேரு எழுதவே இல்ல."

"அந்த அஞ்சு பேரும் நல்ல பிள்ளைக," என்றான் பண்டாரி.

அவளுக்கு விளங்கவில்லை.

செண்பகவடிவுக்கு ஐம்பத்திரண்டு வயது. தூத்துக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் இருபத்துநான்கு வருஷம் இந்தி சொல்லிக்கொடுத்தவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் நிர்வாகம் ஆசிரியர்களைக் கூட்டி வைத்து, இனிமேல் நம் பள்ளியில் ஸ்பானிஷ் உண்டு, யார் படித்துவந்து நடத்துகிறீர்கள் என்று கேட்டது. மற்றவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். இவள் மட்டும் தெரியாத்தனமாக நிமிர்ந்து பார்த்துவிட்டாள்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படித்தாள். மூன்று பரீட்சை எழுதினாள். மூன்றிலும் முதல் வகுப்பு. வினைச்சொல் அட்டவணைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

ஆனால் ஸ்பானிஷ் பேசுகிற ஒரு மனிதரிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. இது யாருக்கும் தெரியாது.

பண்டாரியைப் பற்றிச் சொன்னது பள்ளி வேன் டிரைவர். கப்பலில் சமையல்காரனைப் பண்டாரி என்பார்கள். ரெமிஜியூஸ் என்ற பெயர் ஞானஸ்நானத்தோடு சரி. முப்பத்தேழு வயது. அதில் பதினாறு வருஷம் கடலில். தென்னமெரிக்காக்காரர்கள் நிறைந்த கப்பல்களில் சோறு பொங்கியவன், இப்போது விடுப்பில் ஊரில் இருக்கிறான்.

"அவன் ஸ்பானிஷ்ல பேசினா நல்லாருக்கும் டீச்சர்," என்றார் டிரைவர். "சண்டை போட்டா இன்னும் நல்லாருக்கும்."

பண்டாரி கத்தியைக் கழுவி வைத்தான்.

"ஸ்பானிஷ்ல ஏதாவது சொல்லுங்க, பாப்போம்."

தயவுசெய்து எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தாருங்கள் என்று அவள் ஸ்பானிஷில் சொன்னாள். இலக்கணம் பிசகாத வாக்கியம்.

பண்டாரி ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டான். கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"இதை யார்கிட்ட கேட்டீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. ஏதாவது சொல்லச் சொன்னீங்க. சொன்னேன்."

அவன் அந்தத் தண்ணீரை முருங்கைக்கன்றின் தூரில் ஊற்றினான்.

"ஐயோ, எனக்கு நெசமாவே தாகம், தம்பி."

"அப்ப கேட்டிருக்கணும்," என்றான் பண்டாரி.

⁂

அவள் போகும்போது அவன் சொன்னான்: "உங்க வீட்ல ஸ்பானிஷ் பேசுற சாமான் அஞ்சு இருந்தாக் கண்டுபிடிச்சிட்டு வாங்க. அகராதியத் தொறக்கக் கூடாது."

அன்று மாலை செண்பகவடிவு வீடு முழுக்கச் சீட்டு எழுதி ஒட்டினாள். சுவர், கண்ணாடி, விசிறி, வாளி. எல்லாவற்றுக்கும் அவளுக்கு ஸ்பானிஷ் பெயர் தெரியும். பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் மந்திரமூர்த்தியின் சட்டையிலும் ஒன்று ஒட்டினாள்.

"இது என்னடி?"

"கணவர்னு எழுதியிருக்கு."

"மறந்துருவேன்னு பயமா?"

மறுநாள் பண்டாரியிடம் பட்டியலைச் சொன்னாள். நாற்பத்திரண்டு சாமான்.

"அதெல்லாம் நீங்க ஒட்டினது," என்றான் அவன். "காத்தடிச்சா விழுந்துரும். நீங்க ஒட்டாம இருக்கதக் கேட்டேன்."

இரண்டு நாள் அவள் வீட்டுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வந்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அந்த ஆள் நம்மைக் கேலி செய்கிறான் என்று நினைத்தாள். இனி அந்தப் பக்கம் போவதில்லை என்றும் முடிவு செய்தாள்.

மூன்றாம் நாள் காலை. சீலையை இடுப்பில் சொருகிக்கொண்டு பள்ளிக்குப் புறப்பட்டவளை மந்திரமூர்த்தி கூப்பிட்டார்.

"காப்பிய மேசைல வச்சிருக்கேன், ஆறுது பாரு."

அவள் அப்படியே நின்றாள்.

மேசை. மேசா.

காப்பி எதில் இருக்கிறது? கோப்பையில். கோப்பா. கோப்பையை எதிலிருந்து எடுத்தார்? அலமாரி. அர்மாரியோ. சன்னலுக்கு வெளியே பார்த்தாள். பப்பாளி. பப்பாயா. அதற்குப் பக்கத்தில் நின்றது கொய்யா. குவயாபா.

ஸ்பானிஷுக்குக் கூடப்பிறந்தது போர்த்துக்கீசு. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடற்கரையில் வந்து இறங்கியவர்கள் இறக்கிவைத்துவிட்டுப் போன சொற்கள். அவள் பிறந்த நாளிலிருந்து அவற்றில் சாப்பிட்டாள், துணி மடித்து வைத்தாள், பறித்துத் தின்றாள். ஒருநாளும் அவை பேசிக் கேட்டதில்லை.

காப்பியைக் குடிக்காமலே ஓடினாள்.

பண்டாரி வாசலில் நின்றான். அவள் மூச்சிரைக்க ஐந்தையும் சொன்னாள்.

"காப்பி குடிச்சீங்களா?"

"இல்ல."

"போயிக் குடிங்க. ஆறிப்போவும்."

⁂

அதே வீட்டுப்பாடத்தை, அகராதி பார்க்கலாம் என்ற ஒரு சலுகையோடு, அவள் ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுத்தாள்.

அடுத்த நாள் வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருந்தது. முப்பத்தொரு பேரும் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் கொண்டுவந்ததை இன்னொருவர் இல்லை என்றார். சீப்பு ஸ்பானிஷா இல்லையா என்று இரண்டு பேர் அடித்துக்கொள்ளாத குறை. பார்த்து எழுத வழியில்லை. அவரவர் வீட்டை அவரவர்தான் தேட வேண்டியிருந்தது.

ஜெபசீலி என்ற பெண் எழுந்தாள். அதிகம் பேசாதவள்.

"மேஸ்திரி," என்றாள்.

"ஆமா. மாயெஸ்த்ரோ. எப்படிக் கண்டுபிடிச்ச?"

"எங்கப்பா கொத்தனார் மேஸ்திரி, டீச்சர். அகராதியில பாத்தேன். ஸ்பானிஷ்ல மாயெஸ்த்ரோன்னா வாத்தியாருன்னு போட்டிருக்கு. அப்ப எங்கப்பாவும் நீங்களும் ஒண்ணா?"

வகுப்பு சிரித்தது. செண்பகவடிவு சிரிக்கவில்லை.

"ஒண்ணுதான்," என்றாள்.

மறுநாள் காலை ஜெபசீலி அவளிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "எங்கப்பா இன்னைக்குச் சட்டைய இஸ்திரி போட்டு உடுத்திட்டுச் சாரம் ஏறப் போனாங்க, டீச்சர்."

இனிப் போவதில்லை என்று ஒருமுறை முடிவு செய்திருந்த வாசலுக்குச் செண்பகவடிவு திரும்பவும் போனாள். இந்த முறையும் அவளிடம் ஒரு குறை இருந்தது.

"வார்த்தை கொண்டுவாராங்க, தம்பி. வாயத் தொறந்து பேசச் சொன்னா ஒருத்தரும் பேச மாட்டேங்காங்க."

"நீங்க பேசுவீங்களா?"

தெருவில் ஒரு ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் கடைசி வீடு தாண்டும்வரை அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் யார்கிட்டயும் பேசினதில்ல, தம்பி," என்றாள். "ஒரு வார்த்தைகூட. அட்டவணை மட்டும்தான் எனக்குத் திருத்தத் தெரியும். அதனாலதான் அட்டவணையே வீட்டுப்பாடம் குடுக்கேன்."

சொன்ன பிறகு அவளுக்கு உடம்பு லேசானது. கூடவே அழுகையும் வரும்போல இருந்தது.

பண்டாரி உள்ளே போய் ஒரு தூக்குவாளியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான்.

"ஆஸ்பத்திரியில பதினாலாம் நம்பர் கட்டில்," என்றான்.

⁂

கட்டிலில் இருப்பவர் பெயர் நிபால்தோ. சிலி நாட்டுக்காரர். நாற்பத்துநான்கு வயது. துறைமுகத்தில் கப்பல் நின்றபோது ஏணியில் கால் வழுக்கி விழுந்து இடது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. கப்பல் காத்திருக்க முடியாது. போய்விட்டது. கால் கூடி ஊருக்குப் போக இரண்டு மாதம் ஆகலாம்.

சிலி என்று பண்டாரி அவளிடம் சொல்லவில்லை. கப்பல்காரன் என்று மட்டும் சொன்னான்.

"ஒன்பது நாளாச்சு. நான் பொங்கிக் குடுக்குற சோறு பாதி திரும்பி வருது. வீட்டுக்குப் போன் பண்ண மாட்டேங்கான்."

"நீங்க எடுத்துச் சொல்லலாமே."

"சொன்னேன். எல்லாம் நல்லாருக்குன்னுதான் பதில் வருது. நானும் கப்பல்காரன். கப்பல்காரன்கிட்ட கப்பல்காரன் உண்மை பேச மாட்டான்."

"நான் என்ன சொல்லணும்?"

"காரம் போடலன்னு சொல்லுங்க. போதும்."

ஆட்டோவில் போகும்போதே அவள் வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டாள். பாடப்புத்தகத்தில் மிளகாய்க்கு ச்சீலே என்று இருந்தது. நோ ஆய் ச்சீலே. மிளகாய் இல்லை. இருபது தடவை முணுமுணுத்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பதினான்காம் கட்டிலில் ஒரு பெரிய உடம்பு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. தொங்கவிட்ட காலில் கட்டு.

அவள் தூக்குவாளியை வைத்தாள். இந்தி வகுப்பில் அறுபது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கியவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நோ ஆய் ச்சீலே," என்றாள்.

அந்த மனிதர் திரும்பினார்.

"என்ன?" என்று ஸ்பானிஷில் கேட்டார்.

கேட்கவில்லை போலும் என்று அவள் இன்னும் சத்தமாக, இன்னும் தெளிவாக, கையையும் ஆட்டிச் சொன்னாள். "நோ ஆய் ச்சீலே!"

அவர் அவளையே பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. வலி வந்துவிட்டது என்று பயந்து அவள் நர்சைக் கூப்பிட்டாள். நர்ஸ் ஓடிவந்தார். வலி இல்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கட்டில் ஆட, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. நீர் நிற்கவில்லை.

"ஆமா, சென்யோரா," என்றார் அவர். "நோ ஆய் ச்சீலே."

கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை அப்போதுதான் அவள் பார்த்தாள். பெயர், வயது, நாடு. சிலி. அந்த நாட்டுக்காரர்கள் வாயில் அது ச்சீலே. மிளகாய்க்கு அவர்கள் ஊரில் அஹீ என்று வேறு பெயர்.

பூமி உருண்டையின் அந்தப் பக்கத்திலிருந்து வந்து, காலொடிந்து, தனியாகக் கிடக்கிற ஒரு மனிதரிடம் போய், உன் நாடு இல்லை, இல்லவே இல்லை என்று இரண்டு தடவை சத்தம்போட்டுச் சொல்லியிருக்கிறாள்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாக்கியம் தேடினாள். அதற்குள் அவர் தூக்குவாளியைத் திறந்திருந்தார். உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். சாப்பிட்டுக்கொண்டே பெயர் என்ன, என்ன வேலை என்று கேட்டார். அவள் சொன்னாள். அவள் சொன்னது அவருக்குப் புரிந்தது. அவர் சொன்னதில் பாதி அவளுக்குப் புரிந்தது.

வாளியில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

அவள் நேராகப் பண்டாரியிடம் வந்தாள். கோபமாகத்தான் வந்தாள்.

"தெரிஞ்சேதான் அனுப்பினீங்களா?"

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டார். பூராவும் சாப்பிட்டார். நான் எவ்வளவு பெரிய தப்பு..."

"சரியாச் சொல்லியிருந்தா?" என்றான் பண்டாரி.

அவள் காலி வாளியை நீட்டினாள்.

⁂

மறுநாள் வகுப்பில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் செய்த தப்பை ஒரு வகுப்பிடம் அவள் சொல்வது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"இன்னைக்கு வீட்டுப்பாடம் ஒரே ஒரு கேள்வி," என்றாள். "அவருக்கு. ஸ்பானிஷ்ல எழுதுங்க. பின்பக்கம் தமிழ்ல எழுதுங்க. நான் கொண்டுபோய்க் குடுக்கேன்."

"பதில் வருமா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். ஒருநாளும் வீட்டுப்பாடம் எழுதாத அந்த ஐந்து பேரில் ஒருவன்.

"வரும்னுதான் நெனைக்கேன்."

முப்பத்தொரு சீட்டு வந்தது. அந்த ஐந்து பேருடையது முதலில் வந்தது.

வீட்டில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவோடு படித்தாள். உங்களிடம் நாய் உண்டா? உங்கள் ஊர்க் கடல் எங்கள் ஊர்க் கடலைவிடக் குளிரா? கப்பலில் மழை பெய்தால் துணியை எங்கே காயப்போடுவீர்கள்? உங்கள் ஊரில் பரோட்டா கிடைக்குமா?

ஜெபசீலியின் சீட்டு கடைசியில் இருந்தது. பின்பக்கம், களைப்பாக இருக்கிறீர்களா என்று தமிழில் எழுதியிருந்தாள். ஸ்பானிஷில் களைப்புக்குக் கன்சாதோ. நடுவில் ஒரு எழுத்து விட்டுப்போய், கசாதோ ஆகியிருந்தது. கசாதோ என்றால் கல்யாணமானவர்.

உங்களுக்குக் கல்யாணமாகிவிட்டதா?

செண்பகவடிவு பேனாவைத் திறந்தாள். அந்த எழுத்தை எங்கே நுழைக்க வேண்டும் என்று பார்த்தாள். பிறகு பேனாவை மூடிவைத்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

நிபால்தோ பென்சில் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு சீட்டாகப் படித்து, சிரித்து, அடியில் பதில் எழுதினார். பரோட்டா என்றால் என்ன என்று அவளிடம் கேட்டார். விளக்குவதற்கு அவளுக்குப் பத்து நிமிஷம் ஆனது. அவ்வளவு நேரம் அவள் ஸ்பானிஷ் பேசியிருக்கிறாள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஜெபசீலியின் சீட்டைப் படித்தவர் சிரிக்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்தார்.

"யார் இது?"

"ஒரு பெண். பதினாலு வயசு."

அவர் அந்தச் சீட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

⁂

வகுப்பில் முப்பது பேருக்குப் பதில் வந்தது.

ஜெபசீலி மற்றவர்களுடையதை எட்டி எட்டிப் பார்த்தாள். எல்லோரும் போன பிறகு கேட்டாள்.

"எனக்கு மட்டும் ஏன் டீச்சர் வரல?"

செண்பகவடிவு விட்டுப்போன எழுத்தைக் காட்டினாள். பெண்ணின் முகம் சுருங்கியது.

"தெரிஞ்சப்பவே நீங்க திருத்தியிருக்கலாமே டீச்சர்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாக்கியம் செண்பகவடிவை நாள் முழுக்கக் குத்தியது.

"தப்புப் பண்ணிட்டேன், தம்பி," என்றாள் பண்டாரியிடம். "திருத்த வேண்டிய எடத்துல திருத்தாம விட்டுட்டேன். அந்த மனுஷன் மனசையும் நோகடிச்சு, பிள்ளையையும் அழவச்சிட்டேன்."

அடுப்பில் குழம்பு இருந்தது. அவள் பேச்சை முடிக்கும்வரை பண்டாரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொதிக்கும்போது மூடியத் தொறந்து தொறந்து பாக்கக் கூடாது, டீச்சர்."

"அப்ப என்னதான் செய்ய?"

"பக்கத்துலயே இருக்கணும்."

அவள் மறுநாளும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நிபால்தோ திரும்பவில்லை. பேசாமல் அரைமணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். அதற்கு மறுநாளும் போனாள். அன்றும் அதே முதுகு.

அதற்கும் அடுத்த நாள் அவள் உள்ளே நுழையும்போதே அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். முகம் மழித்திருந்தார். நான்காக மடித்த ஒரு கடிதத்தை நீட்டினார். மேலே, அந்தப் பெண்ணுக்கு என்று எழுதியிருந்தது.

அவள் அதை வழியில் பிரித்துப் பார்க்கவில்லை. எழுதியது அவளுக்கு அல்ல.

ஜெபசீலி வகுப்பில் அதைப் பிரித்தாள். இரண்டு தாள். நான்கு பக்கம். முதல் வரியிலேயே தடுக்கியது. பக்கத்துப் பெண் அகராதியை எடுத்தாள். முன்பெஞ்சு திரும்பி உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு தாளைச் சுற்றி முப்பத்தொரு தலை. ஒருவருக்கு ஒரு சொல் தெரிந்தது. இன்னொருவருக்கு வினையின் காலம் தெரிந்தது. அட்டவணையை ஒப்பித்து வைத்திருந்தது அன்றைக்குக் கைகொடுத்தது. சாப்பாட்டு மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

கடிதத்தில் இப்படி இருந்தது.

ஆமாம், எனக்குக் கல்யாணமாகிவிட்டது. அவள் பெயர் எலியானா. பத்தொன்பது வருஷம் ஆகிறது. இதுதான் கடைசிப் பயணம், இனி கடலுக்குப் போகமாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். விழுந்துவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நடுக்கடலில் இருக்கிறேன், போன் கிடைக்காது என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். இங்கே எல்லோரும் நல்லவர்கள். வலிக்கிறதா, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பார்கள். நீ கேட்டதை ஒருவரும் கேட்கவில்லை. மூன்று நாள் உன் சீட்டோடு சண்டை போட்டேன். நேற்று ராத்திரி நர்ஸிடம் போன் கேட்டேன். எலியானா முதலில் அழுதாள். அப்புறம் நாற்பது நிமிஷம் என்னைத் திட்டினாள். என்னை யாரும் அப்படித் திட்டி ரொம்ப நாளாகிவிட்டது. உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள். நானும் சொல்கிறேன்.

ஜெபசீலி தாளை மடித்தாள். திரும்பவும் பிரித்தாள்.

"டீச்சர்," என்றாள், "களைப்பா இருக்காங்களான்னு இன்னும் தெரியலையே. அதை இப்ப எழுதட்டுமா?"

⁂

அதற்குப் பிறகு வீட்டுப்பாடத்தைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. வியாழக்கிழமைதோறும் சீட்டுகள் போயின. வெள்ளிக்கிழமை பதில்கள் வந்தன. பதிலிலிருந்து அடுத்த கேள்வி பிறந்தது. ஒருத்தி, எலியானாவிடம் கேட்க வேண்டியவை என்று தனியாக எழுதித் தந்தாள். அவற்றுக்கும் போன் வழியாகப் பதில் வந்தது. காய்ச்சலில் கிடந்த ஒரு பையன் தன் சீட்டைத் தங்கையிடம் கொடுத்தனுப்பினான்.

ஏழாவது வாரம் நிபால்தோ ஊன்றுகோலோடு நடந்தார். ஊருக்குப் போகும் நாளில் சீட்டுகளை எல்லாம் ஒரு நூலில் கட்டிப் பையின் அடியில் வைத்துக்கொண்டார். நர்ஸுகளிடம் தமிழில் நன்றி சொன்னார். செண்பகவடிவின் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் ஒரு பெட்டி முந்திரி மக்ரூன் வாங்கிக்கொண்டு பண்டாரி வீட்டுக்குப் போனாள். அவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் கப்பல் ஏறுகிறான்.

"நன்றி சொல்ல வந்தேன், தம்பி."

"எதுக்கு?"

அவள் பெட்டியை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

பிறகு அவன் துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு உறையை எடுத்தான்.

"நர்சம்மா குடுத்தாங்க. போறதுக்கு முன்னால அவன் எழுதி வச்சிட்டுப் போனானாம். இதுல என்ன போட்டிருக்கு டீச்சர்?"

"நீங்க படிக்கலையா?"

"எனக்குப் பேச்சு மட்டும்தான். அடுப்படியில நின்னு காதால பிடிச்சது." அவன் உறையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அஞ்சாங்கிளாஸோட நின்னவன். தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன்."

செண்பகவடிவு அவனைப் பார்த்தாள். உறையை வாங்கினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடிதத்தை ஸ்பானிஷிலேயே வாய்விட்டுப் படித்தாள். தமிழில் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்தது அவன் காதுக்குத் தெரிந்தது. சில இடத்தில் அவள் உச்சரிப்பை அவன் திருத்தினான். அவள் திரும்பப் படித்தாள்.

கடைசிப் பத்தியில் அவன் கையை உயர்த்தினான்.

"இன்னொரு தரம்."

அவள் படித்தாள்.

எலியானா ஒன்று கேட்கிறாள். நாற்பத்தொன்பது நாள் எனக்குப் பொங்கிப் போட்டாரே, அந்த மனுஷனுக்கு யார் பொங்கிப் போடுகிறார்கள் என்று கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை. என்னை மன்னித்துக்கொள். இப்போது கேட்கிறேன். உனக்கு யார் சமைக்கிறார்கள், ரெமிஜியூஸ்?

வீட்டில் வேறு யாரும் இல்லை. கொடியில் ஒரே ஒரு துண்டு காய்ந்தது.

பண்டாரி மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தான்.

"பதினாறு வருஷத்துல இத ஒருத்தரும் கேட்டதில்ல," என்றான்.

"பதில் போடுங்க, தம்பி. நீங்க சொல்லுங்க, நான் எழுதுதேன்."

"வேண்டாம்," என்றான். "அவன் என்கிட்டல்லா கேட்டிருக்கான்."

கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு அவளுக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"எனக்கும் வீட்டுப்பாடம் குடுங்க, டீச்சர்."

அவள் பையிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவன் முன்னால் வைத்தாள். பென்சிலை வைத்தாள்.

"ஒரே ஒரு வரி," என்றாள்.

அவன் பென்சிலைக் கரண்டி பிடிப்பதுபோலப் பிடித்தான்.

"தப்பா வருமே."

"வரட்டும்," என்றாள் செண்பகவடிவு.